நிறுவனரையே திருத்தும் நிறுவனம்

1926 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டின் கைக்கு ஆறு பக்கக் குறிப்பு ஒன்று போனது. எழுதியவர் எர்னஸ்ட் கான்ஸ்லர். நிறுவனத்தின் உயர் அதிகாரி, ஃபோர்டின் மகன் எட்செலுக்குச் சகலை. மாடல் டி காரின் காலம் முடிந்துவருகிறது, வாடிக்கையாளர்கள் நகர்ந்துகொண்டிருக்கிறார்கள், புதிய கார் வேண்டும் என்பது அதன் சாரம். மரியாதை சிறிதும் குறையாமல் எழுதப்பட்ட குறிப்பு. சில மாதங்களில் கான்ஸ்லர் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு மே மாதம் மாடல் டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக இறக்க வேறு கார் தயாராக இல்லை. ஆலைகள் ஏறக்குறைய ஆறு மாதம் முடங்க, போட்டிக் காரான செவ்ரோலே முந்திக்கொண்டது. அந்தச் செவ்ரோலேவை நடத்திய வில்லியம் நட்சன், 1921 வரை ஃபோர்டிடம் வேலை பார்த்தவர்.

இதே ஃபோர்டுதான் 1914இல் தொழிலாளரின் நாள் கூலியை ஏறக்குறைய இரு மடங்காக்கி 5 டாலர் ஆக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 14,000 பேர் கொண்ட ஆலையை ஓட்ட 50,000 பேருக்கு மேல் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. அத்தனை பேர் விட்டுப் போனார்கள். கூலி உயர்ந்ததும் அந்த ஓட்டம் அடங்கியது. 1908இல் 850 டாலருக்கு விற்ற காரை 1920களின் நடுவில் 300 டாலருக்குக் கீழே கொண்டுவந்தவரும் அவரே. ஒரே கார், ஒரே வடிவம், ஆண்டுதோறும் குறையும் விலை என்ற பிடிவாதம்தான் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. பின்னால் அதைச் சாய்த்ததும் அதே பிடிவாதம்தான்.

இடையில் நடந்த ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1919இல் ஃபோர்டு மற்ற பங்குதாரர்கள் எல்லோரையும் விலைகொடுத்து வெளியேற்றி, முழு நிறுவனத்தையும் குடும்பத்தின் கைக்குள் கொண்டுவந்தார். அதன்பின் அவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. மகன் எட்செல் பெயரளவில் தலைவர். எட்செல் 1943இல் இறந்ததும் முதியவர் மீண்டும் பொறுப்பேற்றார். 1945இல் அவர் பேரனுக்கு வழிவிட்டார் என்றால், அது மனைவியும் மருமகளும் கொடுத்த நெருக்குதலால்.

நிறுவனரின் பங்கைப் பற்றிப் பேசும்போது தொலைநோக்கு, ஆளுமை, துணிவு என்று பேச்சு போய்விடுகிறது. நீடித்த வெற்றிக்கு அவை போதாது. ஃபோர்டிடம் அவை மூன்றும் மிகுதியாகவே இருந்தன. தான் தவறும்போது தன்னையே மீறித் திருத்திக்கொள்ளும் ஏற்பாடுகளை ஒரு நிறுவனர் விட்டுச் செல்கிறாரா என்பதில்தான் நிறுவனத்தின் ஆயுள் இருக்கிறது. யாரை எடுப்பது, எதை அளப்பது, கெட்ட செய்தியை எப்படி வாங்கிக்கொள்வது, யார் எதை முடிவு செய்வது, உரிமை யாரிடம் இருப்பது ஆகியவைதான் அந்த ஏற்பாடுகள். இவற்றில் பெரும்பாலானவை யாரும் யோசிக்காத முதல் ஓரிரு ஆண்டுகளிலேயே இறுகிவிடுகின்றன.

முதல் அச்சு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பேரன், மைக்கேல் ஹானன் குழுவினர் 1990களின் நடுவிலிருந்து சிலிக்கான் பள்ளத்தாக்கின் ஏறக்குறைய 200 இளம் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நிறுவனர்களிடம் அவர்கள் கேட்டவை எளிய கேள்விகள். ஆட்கள் உங்களிடம் எதற்காக இருக்கிறார்கள்: பணத்துக்கா, சுவையான வேலைக்கா, கூட இருப்பவர்கள் மீதுள்ள பற்றுக்கா? எதைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள்: இன்றைய திறமையா, நாளைய வளர்ச்சியா, குணமும் பொருத்தமுமா? வேலையை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறீர்கள்: நேரடி மேற்பார்வையா, எழுதப்பட்ட விதிகளா, தொழில் நேர்மையா, சகாக்களின் எதிர்பார்ப்பா?

கிடைத்த விடைகளை வைத்து நிறுவனங்களைச் சில வகைகளாகப் பிரித்தார்கள். குணப் பொருத்தம் பார்த்து ஆள் எடுத்து, பற்றினால் பிணைத்து, சகாக்களின் எதிர்பார்ப்பால் நடத்திய நிறுவனங்களே மூடப்படும் வாய்ப்பு குறைந்தவையாக இருந்தன. நட்சத்திரத் திறமைகளைத் தேடி எடுத்தவற்றில் பங்குச் சந்தை வரை போய்ச் சேர்ந்தவை வேகமாக வளர்ந்தன. ஆனால் அதுவரை போகாமலே நின்றவை அதிகம். இவற்றைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. எந்த வகையாக இருந்தாலும், நடுவில் வகையை மாற்றிய நிறுவனங்களில் ஆட்கள் விலகுவது கூடியது, அதிலும் நெடுநாள் இருந்தவர்கள் விலகினார்கள்; மூடப்படும் ஆபத்தும் உயர்ந்தது. நிறுவனர் போய்ப் புதிய தலைவர் வந்த பிறகும் முதல் வகையின் சுவடு அமைப்பில் தெரிந்தது. நேரடி மேற்பார்வையை நம்பித் தொடங்கியவற்றில் மேலாளர்களும் விதிகளும் பெருகிக்கொண்டே போயின. பற்றை நம்பித் தொடங்கியவை அதே அளவுக்கு வளர்ந்தும் மேலாளர் எண்ணிக்கை குறைவாகவே இருந்தது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது: முதல் பத்துப் பேரை எடுக்கும் முன்பே அந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டாலும் ஒரு விடை உருவாகத்தான் செய்யும். அவசரத்தில் எடுத்த முதல் நான்கு பேர் அதை எழுதிவிடுவார்கள். கூட்டு நிறுவனர்கள் இருந்தால் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விடைகள் முரண்பட்டால் அது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. தெரியாமல் போனால், நாற்பது பேர் சேர்ந்த பிறகு ஒருவர் எடுத்த ஆட்களுக்கும் மற்றவர் எடுத்த ஆட்களுக்கும் இடையே மோதலாக வெடிக்கும்.

பங்குப் பிரிப்பும் இதே காலத்தது. இரண்டு நண்பர்கள் பாதிப் பாதி என்று கைகுலுக்கித் தொடங்குகிறார்கள். எட்டாம் மாதம் ஒருவர் வேறு வேலைக்குப் போகிறார். நிறுவனத்தில் பாதி, இனி உழைக்கப் போகாதவரிடம் நின்றுவிடுகிறது. அடுத்து வரும் முதலீட்டாளர் அந்தக் கணக்கைப் பார்த்ததும் பின்வாங்குகிறார். இதைத் தடுக்கப் பரவலாக உள்ள ஏற்பாடு, பங்கை நான்கு ஆண்டுகளில் சம்பாதிப்பது: முதல் ஆண்டு முடியும் வரை ஒன்றுமில்லை, முடிந்ததும் நான்கில் ஒரு பங்கு, அதன்பின் மாதத்துக்கு நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. எட்டாம் மாதம் விலகுபவர் எதையும் எடுத்துப் போவதில்லை. நட்பு உறுதியாக இருக்கும் நாளில்தான் இதை எழுத முடியும். சந்தேகம் வந்த பிறகு எழுதினால் அது தாக்குதலாகவே படும்.

அளவுகோல் நிறுவனரைவிட அதிக காலம் வாழும்

நிறுவனர் மேடையில் பேசியதை ஊழியர்கள் மறப்பார்கள். மாதக் கூட்டத்தில் எந்த எண்ணை முதலில் கேட்டார் என்பதை மறக்க மாட்டார்கள். நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த எட்கர் ஷைன் தலைவர்கள் தங்கள் நம்பிக்கைகளைப் பதிக்கும் வழிகளை வரிசைப்படுத்தியபோது, எதைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள், அளக்கிறார்கள் என்பதை அவற்றில் ஒன்றாக வைத்தார். நெருக்கடியில் என்ன செய்கிறார்கள், பணத்தை எங்கே ஒதுக்குகிறார்கள், யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு வெளியேற்றம் என்பனவும் அதில் அடங்கும். சுவரில் மாட்டும் கொள்கை வாசகங்களுக்கு அவர் கொடுத்தது துணை இடம்தான்.

இன்டெல் கதையில் எல்லோரும் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. 1968இல் நினைவகச் சில்லு செய்யத் தொடங்கிய அந்த நிறுவனம், 1980களில் ஜப்பானியப் போட்டியில் அடி வாங்கிக்கொண்டிருந்தது. 1985இல் நிறுவனத்தின் உயர் நிர்வாகி ஆண்டி குரோவ், நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூரிடம், நம்மை அனுப்பிவிட்டு வேறொருவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். நினைவகத்தைக் கைவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்று இருவரும் அந்தத் தொழிலிலிருந்து வெளியேறினார்கள்.

பேசப்படாத பகுதி இதைவிட முக்கியமானது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ராபர்ட் பர்கல்மேன் பின்னர் ஆராய்ந்தபோது, மேலிடம் முடிவெடுப்பதற்கு வெகு முன்பே இன்டெல் ஆலைகள் நினைவகத்தை விட்டு நகரத் தொடங்கியிருந்தது தெரிந்தது. காரணம் ஒரு விதி. எந்தச் சில்லு ஒரு சிலிக்கான் தகட்டுக்கு அதிக லாபம் தருகிறதோ அதற்கே ஆலைத் திறனை ஒதுக்க வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே நடைமுறையில் இருந்தது. நினைவக விலை சரியச் சரிய, உற்பத்தித் திட்டம் போடும் நடுநிலை மேலாளர்கள் மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நுண்செயலிகளுக்கு இடம் கொடுத்தார்கள். யாரிடமும் தனி அனுமதி கேட்கவில்லை. விதி அப்படிச் சொன்னது. நிறுவனர்கள் மனத்தளவில் இன்னும் நினைவக நிறுவனமாக இருந்த நாட்களில், அவர்கள் வகுத்த விதி அவர்களைத் தாண்டி முன்னே போய்விட்டது. நல்ல விதி என்றால் இப்படி இருக்க வேண்டும்: நிறுவனருக்குப் பிடித்த பொருளுக்கும் சலுகை காட்டக் கூடாது.

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான காஸ்ட்கோவில் நிறுவனர்களில் ஒருவரான ஜிம் சினிகல் பிடித்து வைத்த விதியும் இந்த வகை. கொள்முதல் விலையின் மேல் ஏற்றக்கூடியது பிற பிராண்டுகளுக்கு 14 விழுக்காடு, சொந்தப் பிராண்டுக்கு 15 விழுக்காடு, அதற்கு மேல் இல்லை. நன்றாக விற்கிறதே, இன்னும் இரண்டு விழுக்காடு ஏற்றினால் என்ன என்ற கேள்வி சில்லறை வணிகத்தில் தினமும் எழும். எண் வைத்த உச்சவரம்பு அந்த வாதத்தையே முடித்துவிடுகிறது. லாபம் வேண்டுமென்றால் கொள்முதலிலும் செலவிலும்தான் தேட வேண்டும். ஊழியர்களின் மூளை அந்தத் திசையில் ஓடப் பழகுகிறது.

தவறான எண்ணும் இதே வலிமையோடு வேலை செய்யும். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு குடும்பத்துக்கு எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு ஆண்டுக்கணக்கில் கிளைகளை விரட்டியது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டதற்காக 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். அத்தனை பேரை நீக்கும்போதும் இலக்கு அப்படியே நின்றது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஒரு இலக்கை வைக்கும்போதே, இதை ஏமாற்றி எட்ட வேண்டுமானால் எப்படி எட்டுவார்கள் என்று எழுதிப் பார்த்து, அந்த ஏமாற்றைக் காட்டிக்கொடுக்கும் இரண்டாவது எண்ணையும் சேர்த்தே கேட்க வேண்டும். திறந்த கணக்குகளைக் கேட்பவர், மூன்று மாதத்தில் ஒரு பரிவர்த்தனையும் நடக்காத கணக்குகளையும் அதே பக்கத்தில் கேட்டிருந்தால் போதும்.

கெட்ட செய்தி எந்த வழியாக வருகிறது

டொயோட்டாவின் வேர் ஒரு தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். குறை தெரிந்த இடத்திலேயே நில் என்ற அந்தக் கருத்துதான் பின்னாளில் கார் ஆலையில் தொழிலாளியின் தலைக்கு மேல் தொங்கும் கயிறாக ஆனது. குறையைக் கண்டவர் கயிற்றை இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அடுத்த குறியிட்ட இடத்துக்கு நகர்வதற்குள் சரிசெய்தால் வரிசை நிற்காது, முடியாவிட்டால் நிற்கும். கயிற்றுக்கு விலை ஒன்றும் பெரிதில்லை. இழுத்தவரிடம் வந்து நிற்பவர் கேட்கும் முதல் கேள்வியில்தான் முதலீடு இருக்கிறது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஒரு ஆலையைச் சேர்ந்து நடத்தத் தொடங்கின. கயிறு அங்கே வேலை செய்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு அதைக் கொண்டுபோனபோது, உற்பத்தி எண்ணிக்கையை வைத்தே மதிப்பிடப்பட்ட மேலாளர்கள் வரிசை நிற்பதை விரும்பவில்லை. கயிறு இருந்தது; இழுக்கத்தான் ஆளில்லை.

அலுவலகத்தில் கயிறு தொங்குவதில்லை என்பதால் தலைவரின் முகம்தான் அந்த வேலையைச் செய்கிறது. தவறைச் சொன்ன முதல் ஆள் கூட்டத்தில் அவமானப்பட்டால், அந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா மாடிக்கும் போய்விடும். அதன்பின் வரும் அறிக்கைகள் எல்லாம் ‘எல்லாம் சரி’ என்று பச்சை நிறத்தில் இருக்கும். இதற்குப் பயன்படும் ஏற்பாடுகள் சில. வாராந்திர அறிக்கையின் முதல் பத்தி, என்ன சரியில்லை என்பதாக இருக்க வேண்டும். காலியாக விட்டு அனுப்பினால் திருப்பி அனுப்ப வேண்டும். பெரிய முடிவைப் பேசும் கூட்டத்தில் தலைவர் கடைசியில் பேச வேண்டும், ஏனென்றால் அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் கருத்துச் சொல்வதை விட்டு அவர் சொன்னதற்குக் காரணம் தேடத் தொடங்குவார்கள். அமேசானில் திரையில் படம் காட்டுவதை விட்டு, ஆறு பக்கக் குறிப்பைக் கூட்டத் தொடக்கத்தில் எல்லோரும் அமைதியாகப் படிக்கும் வழக்கம் வந்ததற்கும் இப்படி ஒரு பயன் உண்டு. வாக்கியமாக எழுதும்போது ஓட்டைகள் எழுதுபவருக்கே தெரியும். பேச்சுத் திறமைக்கு மதிப்பெண் குறையும்.

நெருக்கடி வரும்போது இந்தப் பாடங்கள் அனைத்தும் ஒரே வாரத்தில் எழுதப்படுகின்றன. 1970 மந்தநிலையில் ஹியூலெட்-பேக்கார்டுக்கு ஆர்டர் குறைந்தது. பத்தில் ஒரு பங்கு ஆட்கள் மிகை. நிறுவனர்கள் ஆட்குறைப்புச் செய்யவில்லை. உயர் அதிகாரிகள் உட்படச் சம்பளத்தைப் பத்து விழுக்காடு குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் கூடுதல் விடுமுறை கொடுத்தார்கள். சுமார் ஆறு மாதத்தில் ஆர்டர் திரும்பியபோது பழகிய கைகள் அனைத்தும் அங்கேயே இருந்தன. பல பத்தாண்டுகளுக்கு அந்த நிறுவனத்தில் இருந்தவர்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பிடியை விடுவது எப்படி

பத்துப் பேர் இருக்கும் இடத்தில் இருவர் இருவராகப் பேசக்கூடிய இணைகள் 45. ஐம்பது பேரானால் 1,225. ஆள் ஐந்து மடங்கு, பேச்சு வழிகள் இருபத்தேழு மடங்கு. எல்லா முடிவும் தன் மேசை வழியாகப் போக வேண்டும் என்று நினைக்கும் நிறுவனர் முட்டுக்கட்டையாவது இந்த இடத்தில்தான். இது குணக்கேடு இல்லை. பத்துப் பேர் இருந்தபோது அதுவே சரியான முறை.

மூன்று மாதம் தன்னிடம் வந்த முடிவுகள் எல்லாவற்றையும் நிறுவனர் ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும், விடை அதிலேயே கிடைக்கும். ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் முடிவுகளை இரு வகையாகப் பிரித்தார்: திரும்பி வர முடியாதவை, தவறென்றால் திரும்பி வந்துவிடக்கூடியவை. தாளைப் பார்த்தால் பெரும்பாலானவை இரண்டாம் வகையாக இருக்கும். அவற்றுக்கு யார் முடிவு செய்வது, எந்தத் தொகை வரை, முடிவுக்குப் பின் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். முதல் வகையை, அதாவது உயர்பதவி நியமனம், பெருங்கடன், பிராண்டுப் பெயர், ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடும் ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

இது குலைவது பெரும்பாலும் முதல் மாதத்தில். கீழே ஒருவர் எடுத்த முடிவு பிடிக்காமல் நிறுவனர் ஒரே ஒரு முறை மாற்றிவிடுகிறார். சிறிய விஷயம்தான். ஆனால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் ‘எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம்’ என்று வரத் தொடங்குவார்கள், எழுதிக் கொடுத்த தாளுக்கு மதிப்புப் போய்விடும். பிடிக்காத முடிவைத் திரும்பப் பெறாமல், அடுத்த முறை எதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பேசுவதுதான் வழி. அதற்குக் கொஞ்சம் பணம் வீணாகும். அந்தச் செலவைத் தாங்காத நிறுவனர் ஓய்வு பெறவே முடியாது.

வாரிசுத் தேர்வும் இதன் தொடர்ச்சிதான். ஆப்பிளில் டிம் குக் 2011 ஆகஸ்டில் பொறுப்பேற்பதற்கு முன், ஸ்டீவ் ஜாப்ஸின் மருத்துவ விடுப்புகளில் 2004, 2009, 2011 என மூன்று முறை நிறுவனத்தை நடத்தியிருந்தார். கட்டாயத்தால் நடந்த ஒத்திகைதான், ஆனாலும் இயக்குநர் குழு ஊகிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை, பார்த்துவிட்டது. மாறாக, அமெரிக்கக் கணினி நிறுவனமான வாங் லேபரட்டரீஸை 1951இல் தொடங்கிய ஆன் வாங் 1986இல் மகன் ஃபிரெட்டைத் தலைவராக்கினார். மூன்று ஆண்டில் தந்தையே மகனை விலக்க வேண்டி வந்தது; 1992இல் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது. தனி மேசைக் கணினி வந்த வேகமும் அதற்கு ஒரு காரணம் என்பதால் எல்லாப் பழியையும் மகன் மேல் போட முடியாது. ஆனால் ஒரு முறை கூட வெளிப்படையாகச் சோதிக்கப்படாத வாரிசைப் பாதுகாக்க எவராலும் முடியாது, பெற்றவராலும் முடியாது.

விடுப்பை நோய் வந்துதான் எடுக்க வேண்டும் என்றில்லை. ஆண்டுக்கு ஒரு முறை நான்கு வாரம் நிறுவனர் முற்றிலும் விலகி இருந்து, எவை எவை அவருக்காகக் காத்திருந்தன என்று பட்டியலிட்டால், அடுத்த ஆண்டின் வேலை அதுவே. வாரிசாகக் கருதப்படுபவர் வரவு செலவு முழுவதும் தன் பொறுப்பில் உள்ள ஒரு பிரிவைக் குறைந்தது இரண்டு ஆண்டு நடத்தியிருக்க வேண்டும். ஒரு நல்ல ஆண்டு காற்றடித்ததால் வந்திருக்கலாம். கைமாறிய பின் நிறுவனர் தலைவர் நாற்காலியில் தொடர்ந்தால், புதிய நிர்வாகி இல்லாமல் அவருடைய ஆட்களைச் சந்திப்பதில்லை என்ற விதியை எழுதி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பழைய ஆட்கள் பழைய கதவைத்தான் தட்டுவார்கள். ஸ்டார்பக்ஸில் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் 2000இல் தலைமை நிர்வாகப் பொறுப்பை விட்டார்; 2008இலும் 2022இலும் திரும்பி வந்தார். இரு முறையும் நிறுவனத்துக்கு அவர் தேவைப்பட்டார் என்பது அவருக்குப் பெருமை சேர்க்கலாம், அவர் அமைத்த வாரிசு ஏற்பாட்டுக்குச் சேர்க்காது.

உரிமையின் சட்டகம்

மிச்சமிருப்பது உரிமை. ஜெர்மனியின் யேனா நகரில் நுண்ணோக்கி தயாரிப்பாளர் கார்ல் சைஸின் கூட்டாளியான எர்ன்ஸ்ட் ஆபே 1889இல் ஒரு அறக்கட்டளையை நிறுவி, பின்னர் தன் பங்குகளை அதன் கையில் ஒப்படைத்தார். 1896இல் எழுதிய சாசனத்தில் உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்குத் தொழிலாளரின் சராசரி வருமானத்தோடு இணைத்து உச்சவரம்பு வைத்தார். 1900இல் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. அந்த அறக்கட்டளை இரண்டு உலகப் போர்களையும், நாடு இரண்டாகப் பிரிந்ததையும் கடந்து இன்றும் உரிமையாளராக இருக்கிறது. போஷ் நிறுவனத்தில் மூலதனத்தின் ஏறக்குறைய 94 விழுக்காடு அறக்கட்டளையிடம் இருந்தாலும் வாக்குரிமையில் பெரும்பங்கு தனியான ஓர் அமைப்பிடம் இருக்கிறது. தொண்டு செய்பவர்களும் தொழிலை முடிவு செய்பவர்களும் வேறு வேறு ஆட்கள். இந்த வகை உரிமைக்கு விலையும் உண்டு: பங்கு விற்றுப் பெரும் மூலதனம் திரட்டுவது கடினம், அறங்காவலர்கள் சோம்பினால் அவர்களை அசைக்க வெளியே யாரும் இல்லை.

சந்தைக்குப் போகும் நிறுவனர்கள் இன்று அதிகம் தேர்வது வேறு வழி: தங்கள் பங்குக்கு மட்டும் கூடுதல் வாக்கு. கூகுள் 2004இல் பட்டியலானபோது நிறுவனர்கள் தரப்புப் பங்குக்குத் தலா பத்து வாக்கு. காலாண்டு லாபத்தை விரட்டும் நெருக்குதலிலிருந்து தொடக்க ஆண்டுகளில் இது காப்பாற்றும். இருபது ஆண்டு கழித்து 1919க்குப் பிந்தைய ஃபோர்டின் நிலையில் கொண்டுபோய் நிறுத்தவும் செய்யும். அமெரிக்க நிறுவன முதலீட்டாளர் பேரவை, இத்தகைய கூடுதல் வாக்குகள் ஏழு ஆண்டுக்குள் முடிய வேண்டும், தொடர வேண்டுமானால் ஒவ்வொரு வகைப் பங்குதாரர்களும் தனித்தனியே வாக்களித்து நீட்டிக்க வேண்டும் என்று கேட்கிறது. அந்த ஒரு வரியைப் பட்டியலிடும் ஆவணத்தில் நிறுவனரே சேர்க்கலாம். பொதுவாக வழக்கறிஞர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. நிறுவனர்தான் கேட்டு வாங்க வேண்டும்.